காத்திருப்பவரைக் காணச் செல்வோம்



சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸா வாயிலில் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் ஓதிய மாணவன். பிரித்தானியாவில் புகலிடம் கோரினான், கோரிக்கை மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டின் முடிவை எதிர்பார்த்து, விமான நிலையம் ஒன்றின் அருகிலிருந்த தடுப்பு நிலையத்தில் இருந்தான்.

"மௌலவி, முன்பெல்லாம் நாள் தவறாமல் பேசுவான். இப்போது நான் எடுத்தால் பதிலே இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பான், ஒருமுறை பேசிப் பாருங்கள்" என்றார்.

பேசினேன். பொறுமையின் சிறப்பைப் பற்றிக் கால்மணி நேரம் எடுத்துரைத்தேன். இருபதாண்டுகளாகப் பாடம் சொல்லிப் பழகிய நாவுக்கு அது கடினமா என்ன? அவன் குறுக்கிடாமல் கேட்டான். இறுதியில், "பொறுமையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள் ஹஸரத். மத்ரஸா முற்றத்துப் புளியமரம் இன்னும் நிற்கிறதா?" என்று வினவினான்.

அந்த வினா என்னைத் தலைகுனிய வைத்தது. அவன் உண்டானா, உறங்கினானா, யாருடன் பேசுகிறான் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது உபதேசமன்று. ஊரின் ஒரு துண்டு. அன்று முதல் இந்தக் காத்திருப்பைப் பற்றி விசாரித்தறியத் தொடங்கினேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பிரித்தானியாவிற்குள் இருப்பவரின் புகலிடக் கோரிக்கை மறுக்கப்படின், அம்முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் நியாய மன்றத்தில் மேன்முறையீடு செய்தாக வேண்டும். செய்வதற்குத்தான் 14 நாட்கள். தீர்ப்புக்கோ மாதங்கள் உருண்டோடும், சிலருக்கு ஆண்டும் கடந்துவிடும். அதுவரை பொதுவாக வேலை செய்ய அனுமதியில்லை. வசதியற்றோருக்கு அரசு தங்குமிடம் தரும்; எந்த ஊரில் என்று தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கில்லை. 2024ஆம் ஆண்டில் தாமே சமைத்துண்பவருக்குக் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 49.18 பவுண். உணவு வழங்கப்படும் விடுதியாயின் பத்துப் பவுணுக்கும் குறைவு. உழைத்து உம்மாவுக்கு அனுப்புவேன் என்று புறப்பட்ட இளைஞன், பிறர் கையை எதிர்பார்த்து அறையினுள் அமர்ந்திருக்கிறான்!

அவர்களுள் சிலர் தடுப்பு நிலையங்களில் வைக்கப்படுகின்றனர். அங்கு இருப்போர் அதன் காரணமாகக் குற்றவாளிகள் ஆகிவிடுவதில்லை. குடிவரவு அதிகாரத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களே. சிறைத் தண்டனை பெற்றவன் தான் வெளியேறும் நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணலாம். இவர்களுக்கோ அந்த நாள் எதுவென்று தெரியாது. பிரித்தானியச் சட்டம் பொதுவாக இத்தடுப்புக்குக் கால எல்லை வகுக்கவில்லை. கட்விக் விமான நிலையத்தருகே உள்ள புரூக் ஹவுஸ் நிலையத்தில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த பகிரங்க விசாரணை, 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில் 28 நாள் எல்லை ஒன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. கணக்கிட முடியாத நாட்களே மனிதனின் உள்ளத்தை அதிகம் அரிக்கின்றன என்பதை இதிலிருந்து உணரலாம்.

இத்தகையோரைச் சந்திப்பதற்கென்றே அந்நாட்டில் சாதாரண மக்கள் குழுக்களாக இயங்குகின்றனர். 1995இல் தொடங்கிய கட்விக் தடுப்புக்காவலர் நலன்புரிக் குழு அவற்றுள் ஒன்று. தொண்டர் ஒருவர், தடுத்து வைக்கப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து சென்று காண்கிறார். வழக்கை வெல்வது அவர் பணியன்று. வந்து அமர்வதே பணி. கலைப்பட்டப் படிப்பின்போது, 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் யாத்திரிகர் கதைகளை நான் படித்ததுண்டு. அக்குழுவினர் 2015இல், டோவர் நகரிலிருந்து கான்டர்பரி வழியாகக் கால்நடையாகச் சென்று, அந்த யாத்திரிகர்கள் கதை சொன்னதைப் போலவே அகதிகளின் கதைகளை ஊர்தோறும் எடுத்துச் சொன்னார்கள் என அறிந்தபோது வியந்தேன். அறிமுகமில்லாத அந்நியர் இவ்வளவு செய்கின்றனர். இரத்த உறவினர் நாம் என்ன செய்கிறோம்?

வாசகர்களே! காத்திருப்பு நமக்குப் புதிதா? 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் ஒதுங்கினோம். அரிசி தந்தவர்களையும் பாய் தந்தவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! ஆயினும் என் உம்மா இறுதிவரை நினைவுகூர்ந்தது, அவ்வூர்ப் பெண்மணி ஒருவரைத்தான். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் வருவார். கையில் பெரும்பாலும் ஒன்றும் இராது. உம்மாவின் அருகில் பாயில் அமர்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பார். தம் வீட்டுக் கதைகளைச் சொல்வார். "எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்று ஒருமுறையேனும் அவர் கேட்டதில்லை.

நமது வரலாற்றிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. மக்காவின் கொடுமையிலிருந்து தப்பி அபிசீனியாவில் புகலிடம் பெற்ற ஸஹாபாக்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் பரிசுகளுடன் தூதரை அனுப்பினர். மன்னர் நஜ்ஜாஷி, அகதிகளின் வாக்குமூலத்தைக் கேட்காமல் ஒப்படைக்க மறுத்தார். ஜஃபர் (ரலி) அவர்களின் உரையைக் கேட்டு நீதி வழங்கினார். ஆயினும் மறுநாள் புதிய குற்றச்சாட்டொன்றின் பேரில் அவர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். அந்த இரண்டாம் அழைப்பின் அச்சத்தை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் விவரித்துள்ளார்கள். அவ்வேளையில் அவர்கள் செய்தது என்ன? ஒன்றுகூடி ஒருவரோடொருவர் கலந்து பேசினார்கள். எவரையும் தனிமையில் விட்டுவிடவில்லை!

என் மாணவனுடைய பெரியம்மா மகன், அந்தத் தடுப்பு நிலையத்திலிருந்து இரண்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். ஆனால் சென்று பார்த்ததில்லை. "போனால் நம்மையும் விசாரிப்பார்களோ?" என்ற அச்சம் ஒரு பக்கம், "வெறுங்கையோடு போய் என்ன சொல்வது?" என்ற தயக்கம் மறுபக்கம். அவருக்கு நான் எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன். முன்கூட்டியே பதிவு செய்து, அடையாள ஆவணத்துடன் செல்லுங்கள். வாயிலில் சோதிப்பார்கள், கைத்தொலைபேசியை வெளியே வைக்கச் சொல்வார்கள். சமைத்த உணவை உள்ளே கொண்டு செல்ல இயலாது என்பதால் மனம் தளராதீர்கள். உங்களுடைய வதிவிட உரிமையே உறுதியற்றதாயின், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிணை விசாரணையின்போது தங்குவதற்கு ஒரு முகவரியும், பொறுப்பேற்க ஓர் உறவினரும் இருப்பது பெரிதும் உதவக்கூடும்.

ஊரிலிருந்து பேசுவோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியை எடுத்தவுடன் "முடிவு வந்ததா?" என்று கேளாதீர்கள். வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். இன்ன கடனுக்கு இவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்று கணக்கொப்புவிக்காதீர்கள். இன்னாருக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாமே என்று ஒப்பிடாதீர்கள். "நிச்சயம் வெல்வாய்" என உறுதிமொழி தராதீர்கள். அது நம் கையில் இல்லை. துஆச் செய்கிறோம் என்று சொல்லுங்கள், உண்மையாகவே செய்யுங்கள். ராத்தாவின் பிள்ளை முன்பல் விழுந்து நிற்பதைச் சொல்லுங்கள். உறக்கமின்றி, உணவை வெறுத்து, வாழ்வே வேண்டாமென அவர் பேசினால் அதை ஈமானின் குறையென்று கடிந்துவிட வேண்டாம். அது நோய், தாமதமின்றி மருத்துவரிடமும் சட்டத்தரணியிடமும் தெரிவிக்கச் செய்யுங்கள்.

பெரியம்மா மகன் ஈற்றில் சென்றார், தம் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு. வழக்கைப் பற்றி அவர்கள் பேசவேயில்லையாம். அச்சிறுமி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் ஓயாமல் கதைத்தாளாம். அன்றிரவு அவன் தானாகவே உம்மாவை அழைத்தான். "உம்மா, இன்றைக்கு என் பெயரைச் சரியாகக் கூப்பிட ஆள் வந்தது" என்றானாம். அதைச் சொல்லும்போது அந்தத் தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவன் பிணையில் வெளியே இருக்கிறான். மேன்முறையீட்டின் முடிவு இன்னும் வரவில்லை. வெள்ளிதோறும் நான் அவனோடு பேசுகிறேன். புளியமரம் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இவ்வாண்டு காய்ப்பு குறைவு என்பதையும் மறைக்கவில்லை.

உங்கள் குடும்பத்திலும் இவ்வாறு ஒருவர் காத்திருக்கலாம். இவ்விதழை மூடிவைத்ததும் அவரை அழையுங்கள். அருகில் இருப்பின் சென்று பாருங்கள். காத்திருப்போர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்தீர்வை அருள்வானாக! ஆமீன்.