ஸ்டென்ட்: விலை தெரியும், வழவழப்பு?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்ட்களுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் அன்று தொடங்கிய விவாதம் இன்னும் விலையைத் தாண்டி மேற்பரப்பின் தரத்துக்கு வரவில்லை.

ஸ்டென்ட் என்பது கோபால்ட்-குரோமியம் போன்ற உலோகக் கலவையாலான நுண்குழாயை லேசரால் வலைபோல வெட்டி எடுப்பது. இன்றைய ஸ்டென்ட்கள் பலவற்றில் அந்த வலையின் கம்பி தலைமுடி அளவுக்கே தடிமன் கொண்டது. லேசர் வெட்டிய விளிம்பில் உருகிய உலோகம் பிசிறாக ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தால் ஆக்சைடும் படியும். அப்படியே ரத்தக்குழாய்க்குள் வைத்தால் சுவரைக் கீறும், ரத்தம் உறையும். மேலே பூசும் மருந்தும் சீராக நிற்காது.

எனவே முதலில் அமிலக் குளியல். பிறகு மின்முறை மெருகு: முலாம் பூசுவதற்கு நேர் எதிரான வேலை. பாகத்தை நேர்மின்முனையாக்கி அமிலக் கரைசலில் அமிழ்த்தினால், மேடுகள் பள்ளங்களைவிட வேகமாகக் கரையும். கொஞ்சம் கூடினால் கம்பி மெலிந்து வலுவிழக்கும். குறைந்தால் பிசிறு தங்கும். தேய்ப்புச் சக்கரம் நுழைய முடியாத இடத்தில் வேறு வழி அதிகமில்லை.

வைரம் வெட்டும் லேசரில் கைதேர்ந்த சூரத், ஸ்டென்ட்டும் செய்கிறது. திறமைக்குக் குறைவில்லை; வேண்டியது வெளிப்படைத்தன்மை.

மருத்துவக் கருவி விதிகள் ஸ்டென்ட்டை மிக உயர்ந்த அபாயப் பிரிவான ‘டி’யில் வைத்திருக்கின்றன. அப்படியானால் விலைப்பட்டியலைப் போலவே மேற்பரப்புச் சோதனை முடிவுகளையும் பொதுவெளியில் வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.