மலை சுற்றியவருக்கு ஓர் இட்லிப் புதிர்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் மலை சுற்றி முடித்து, திருவண்ணாமலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளசுகளின் கையில் செல்போன். அதில் பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டைதான். சுடாமலும் ஆடலாம் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

முதலில் 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988இல் கனடாவில் குடித்தனம் நடத்தும் தமிழ்த் தம்பதியின் கதை. மனைவியின் அம்மாவுடைய சமையல் குறிப்பேடு கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை யூகித்து இட்லி, புட்டு, பிரியாணி செய்வதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை அடுக்குவதே ஒரு புதிர் (நம் பாட்டிகள் ஒரே நொடியில் ஜெயித்துவிடுவார்கள்). மகன் கவின் தமிழைத் தட்டிக்கழிக்கும் இடங்களில் தொண்டை அடைக்கிறது. சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது 2024இல் கிடைத்தது. ஒரே குறை, கிரிவலத்தில் பாதித் தூரம் நடப்பதற்குள் முடிந்துவிடும்.

அடிதடி கேட்பவர்களுக்குப் புனேயில் உருவான 'ராஜி' (2020). தம்பியைத் தேடிப் போகும் சர்க்கஸ்காரப் பெண்ணுக்குத் துர்க்கை திரிசூலம் தருகிறாள். ராஜஸ்தான் சாயல் மாளிகைகள் கண்ணுக்கு விருந்து. சண்டை மட்டும் போகப்போக அலுக்கிறது.

'தர்ஸ்டி சூட்டர்ஸ்' (2023) முழுக் கலாட்டா: பழைய காதலர்களோடு மோதல், ஸ்கேட்போர்டு, நடுவே சமையல். வீட்டுப் பெரியவர்கள் இல்லாத நேரம் நல்லது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 'வெண்பா'வை ஆடுங்கள், பக்கத்தில் அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு.