காஸாவின் ஏடுகளும் நம் வீட்டு அலமாரியும்

2023 டிசம்பரில் காஸா நகரின் பெரிய உமரி பள்ளிவாசல் இஸ்ரேலியக் குண்டுவீச்சில் இடிந்தது. சிதைந்த அந்தப் பள்ளிவாசலின் படங்களை உலகமே பார்த்தது. உள்ளே ஒரு நூலகம் இருந்ததைப் பலர் அறியவில்லை. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் காலத்தோடு, அதாவது 13ஆம் நூற்றாண்டோடு, தொடர்புடைய நூலகம் அது. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளும் அங்கே இருந்தன.

அந்த ஏடுகளில் எழுதியிருந்தவை முற்றாக அழிந்துவிடவில்லை. போருக்குச் சில ஆண்டுகள் முன்பே காஸாவின் பாதுகாப்பு ஆர்வலர்கள் 211 கையெழுத்துப் பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்கள்' திட்டமும், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கிறித்தவ மடாலயத்தோடு இணைந்த ஹில் அருங்காட்சியகக் கையெழுத்துப் பிரதி நூலகமும் அவர்களுக்குத் துணை நின்றன. மூலங்கள் காஸாவிலேயே இருந்தன. படங்கள் மட்டுமே வெளியே சென்றன.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கிப் பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்க மறுத்தது. அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் செயல்படவில்லை. இந்த ஆவணத் திட்டத்தின் இணையப் பக்கங்களும் அவற்றில் அடக்கம். மூல ஏடுகள் குண்டுகளுக்கு நடுவே கிடந்த மாதங்களில், லண்டன் களஞ்சியத்தின் கதவும் சாத்தியிருந்தது. மினசோட்டாவில் வேறொரு பிரதி இருந்ததால் கவலை குறைந்தது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் எதுவும் அழியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. ஏட்டைக் கரையான் அரிக்கும், கணினியைக் கொள்ளையன் முடக்குவான். பிரதிகள் பல இடங்களில், பல கைகளில் இருப்பதுதான் பாதுகாப்பு.

வெளியிடுவது யார்?

முன்பெல்லாம் ஆவணங்களை வெளியிடுவது என்றால், ஓர் அறிஞர் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொகுதியாக அச்சிடுவார். அவர் விட்டுவிட்டவை இருட்டறையிலேயே கிடக்கும். இன்று முழுத் தொகுப்பையும் அப்படியே வெளியிட முடிகிறது. காயல்பட்டினத்திலோ கல்முனையிலோ இருக்கும் மாணவர் விசா இல்லாமல், பயணச் செலவில்லாமல் அவற்றைப் பார்க்கலாம். இது பெரிய மாற்றம்.

ஆனால் அதிகாரம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. லட்சக்கணக்கான பக்கங்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க உதவுவது அதற்கு எழுதப்பட்ட விவரக் குறிப்புதான். குறிப்பு தவறாக இருந்தால், பக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம். 2014இல் தொடங்கிய கத்தார் டிஜிட்டல் நூலகம் இதில் நல்ல முன்மாதிரி. வளைகுடா பற்றிய பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஆவணங்களை அரபியிலும் ஆங்கிலத்திலும் விவரித்து இலவசமாகத் தருகிறது. எனினும் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவை. அவர்கள் கண்ட வளைகுடாதான் அதிகம் தெரியும். மக்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்தவை வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும்தான் கிடைக்கும்.

அரபுத்தமிழின் நிலை

நம் முன்னோர் அரபி எழுத்தில் தமிழை எழுதினார்கள். மார்க்கச் சட்டம், மருத்துவம், பாடல்கள் எனத் தமிழகத்திலும் இலங்கையிலும் பரந்து கிடந்த செல்வம் அது. இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கணினியும் எளிதில் உதவாது. அரபி வாசிக்கப் பழகிய மென்பொருளுக்கு அதிலுள்ள சொற்கள் அந்நியம். தமிழ் வாசிக்கப் பழகிய மென்பொருளுக்கு எழுத்தே அந்நியம். எனவே படமெடுப்பது பாதி வேலைதான். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, இது என்ன நூல், யார் எழுதியது, எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது மீதிப் பாதி.

ஆவணம் என்றால் சொத்தும்தான்

இது பண்பாட்டு விஷயம் மட்டுமல்ல. 2025 வக்ஃபு திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, ஒன்றிய அரசு அவ்வாண்டு ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கியது. வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்றச் சொன்னது. டிசம்பர் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் பொதுவான கால நீட்டிப்பு தர மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. சட்டத்தைப் பற்றிய நம் ஆட்சேபணைகள் ஒருபுறம் இருக்கட்டும். பழைய பத்திரத்தை அடுக்கி, படமெடுத்து, தயாராக வைத்திருக்கும் ஜமாஅத்தும், பத்திரம் எந்தப் பெட்டியில் என்று தேடும் ஜமாஅத்தும் இத்தகைய கெடுவை ஒன்றுபோல எதிர்கொள்ள முடியாது.

நாம் செய்ய வேண்டியது

பெரிய நிறுவனங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வக்ஃபுப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவேடுகள், பழைய கிதாபுகள், கப்பல் வணிகக் கணக்குகள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், அட்டை முதல் அட்டை வரை படமெடுப்போம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். மூலக் கோப்பையே சேமிப்போம். ஒரு பிரதி வீட்டில், ஒன்று ஜமாஅத்தில், ஒன்று வெளியூரில் இருக்கட்டும். குடும்ப விவரங்கள் உள்ள பதிவேடுகளைப் பொதுவெளியில் இடாமல் பாதுகாப்போம். படமெடுத்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம்; நீதிமன்றம் பல நேரங்களில் மூலத்தைத்தான் கேட்கும்.

காஸா மக்கள் முற்றுகைக்குள் இருந்துகொண்டே அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். நமக்கு முற்றுகை இல்லை, கையில் செல்போன் இருக்கிறது. இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டனார் வீட்டு அலமாரியைத் திறப்போம்.