கனமான கோல் யாருக்கு?

மறையூர், சின்னாறு, அட்டப்பாடி, மலம்புழை என்று கேரளத்தின் கிழக்கு எல்லையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் கடல் பெருமீனைத் தேடி இறங்கும்போது முதலில் கைவிட வேண்டியது, மலையில் கற்ற கோல் கணக்கையே. மூணாறு மலைகளில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் மீனுக்கு நூறு கிராம் அளவே எடையுள்ள மெல்லிய கோல் போதும். மலையாற்றின் உண்மையான பெருமீன் மஹ்சீர்தான் என்றாலும், சின்னாறு சரணாலயத்துக்குள் ஓடி அமராவதி வழியே காவிரியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007இல் அறிவியல் பெயர் பெற்ற தோர் ரெமாதேவி என்னும் மஹ்சீர் இனம், 2018 முதல் மிகக் கடும் அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன்மீது தூண்டில் வீசுவதை இனி வீரமென்று சொல்வதற்கில்லை. ஆகவே பெருமீன் ஆசை தீராதவர்களின் கண், லட்சத்தீவுக் கப்பல் புறப்படும் கொச்சியின் பக்கமும், அதற்கும் அப்பால் அந்தமானின் பக்கமும் திரும்புவது இயல்பே.

அங்கே அவர்கள் தேடிப் போவது, பாறை மீன்களுள் காராங்ஸ் பேரினத்திலேயே மிகப் பெரியதும், தூண்டில்காரர்கள் 'ஜி.டி.' என்று சுருக்கி அழைப்பதுமான ராட்சதப் பாறை. 2006இல் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் பிடிபட்ட 72.8 கிலோ மீனே தூண்டிலில் சிக்கியவற்றுள் உலகச் சாதனையாகப் பதிவாகியுள்ளது. இதைப் பிடிக்கும் முறைக்குப் பாப்பிங் என்று பெயர். முகப்பில் கிண்ணம்போல் குழிந்த 'பாப்பர்' என்னும் மிதக்கும் பொய் இரையைத் தொலைவில் வீசி, கோலை நீளமாகச் சுண்டி இழுத்தால், அந்தக் குழி தண்ணீரை அள்ளி முன்னால் தெறிக்கவிட்டு 'பளப்' என்று ஒலியெழுப்பும். அடிபட்ட மீன் மேற்பரப்பில் துடிப்பதாக எண்ணிப் பாறை மேலேறி வந்து அறையும். பாப்பரின் எடை பெரும்பாலும் 100 முதல் 200 கிராம் வரை இருக்கும்.

கோலைத் தேர்வு செய்வது கோலிலிருந்து தொடங்குவதில்லை, நரம்பிலிருந்து தொடங்குகிறது. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பின் பருமனை ஜப்பானியர் 'பி.இ.' என்ற எண்ணால் குறிக்கிறார்கள், பி.இ. 8 என்பது சுமார் 0.47 மில்லிமீட்டர் பருமனும், தயாரிப்பைப் பொறுத்து 40 கிலோவை ஒட்டிய தாங்குதிறனும் கொண்டது. நரம்பு அறுபடும் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ரீலின் இறுக்கத்தை, அதாவது டிராக்கை, வைக்கக் கூடாது என்பது பொது வழக்கு. எனவே பி.இ. 8 நரம்புக்கு ஏறத்தாழ 13 கிலோ இழுவையைத் தாங்கும் கோல் வேண்டும். கோலின் அடித்தண்டில் அச்சிட்டிருக்கும் பி.இ. எண்ணும் பாப்பர் எடை வரம்பும் இந்தக் கணக்கைச் சொல்பவைதான். அவற்றைப் படிக்காமல் கையால் வளைத்துப் பார்த்து வாங்குவது வீண்வேலை.

கடைக்காரர்கள் அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. நீளமான கோல் மீனுக்கு எதிரான ஆயுதம் மட்டுமன்று, பிடிப்பவருக்கு எதிரான நெம்புகோலும் ஆகும். நுனியில் 10 கிலோ இழுவை செங்குத்தாக விழ, முன்கையிலிருந்து நுனி 2 மீட்டர் தள்ளியும் அடித்தண்டின் முனை 60 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், இடுப்பில் ஊன்றிய முனையில் 33 கிலோ விசை அழுத்தும். நல்ல கோல் அடிவரை வளைந்து நுனியை நரம்பின் திசைக்கே திருப்பிவிடுவதால் இந்த நெம்பு தூரம் குறைகிறது. மூங்கில்போல் விறைத்து நிற்கும் கோலோ முழுச் சுமையையும் முதுகின்மேல் இறக்குகிறது. விறைப்பான கோல் பாப்பரையும் கெடுக்கும். இழுத்த இழுப்பில் அது தண்ணீரை விட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும். படகிலிருந்து வீசுபவருக்கு ஏழரை முதல் எட்டு அடியும், கரைப்பாறையிலிருந்து வீசுபவருக்கு அதைவிடச் சற்று நீளமும் பொருந்தும். மீன் படகுக்கு நேர்கீழே வந்த பிறகு கோலை வானத்தை நோக்கி நிமிர்த்தினால் வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் குவிந்துவிடும். விலையுயர்ந்த கார்பன் கோல்கள் பல உடைவது இப்படித்தான். குற்றம் மட்டும் தயாரித்தவர் தலையில் விழுகிறது.

நரம்பு ஓடும் வளையங்கள் இரட்டைக் காலுடையவையாகவும், உட்பகுதி சிலிக்கான் கார்பைடு போன்ற கடினப் பீங்கானால் ஆனவையாகவும் இருப்பது அவசியம். கோல் எத்தனை துண்டு என்பதும் மலைநாட்டுக்காரருக்குச் சிறிய கேள்வியன்று. எட்டடி ஒற்றைக் கோலோடு கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தில் மறையூரிலிருந்து கொச்சிக்கு இறங்குவதைக் கற்பனை செய்தாலே விடை கிடைத்துவிடும். கைப்பிடி தனியே கழலும் இருதுண்டுக் கோலே அவருக்கு ஏற்றது.

'ஜி.டி. என்றால் பி.இ. 10, அதற்குக் குறைந்தது விளையாட்டுச் சாமான்' என்று அடித்துப் பேசுவோர் மறப்பது உடல் களைப்பை. மீனோடு மல்லுக்கட்டுவது சில நிமிடங்களே. முக்கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ரீலையும் சேர்த்துத் தூக்கி வீசுவது காலை முதல் மாலை வரை. களைத்த தோளால் தொலைவிலும் வீச முடியாது, பாப்பரைச் சரியாகச் சுண்டவும் முடியாது; கனமான கோலுக்குப் பாறை தானே வந்து மாட்டிக்கொள்வதுமில்லை. ஆகவே முதல் கோலாக, 150 கிராம் வரை வீசக்கூடிய, எட்டடிக்கு மிகாத பி.இ. 8 கோலை வாங்குவதே தகும். அதையும் பணம் கொடுக்கும் முன் சொந்த ரீலைப் பூட்டி, முள் கழற்றிய பாப்பரைக் கட்டி, திறந்த மைதானத்தில் அரைமணி நேரம் விடாமல் வீசிப் பார்க்க வேண்டும். தோள் தாங்கவில்லையென்றால் அந்தக் கோல் வேண்டாம்.