கேஷுவால்டியில் ஒரு மாணவர்

வைத்தியக் கல்லூரியில் பிள்ளையையோ பெண்ணையோ சேர்த்துவிட்ட பெற்றோர், இருதய நிபுணராவாரா, கண் வைத்தியராவாரா என்று முதல் வருஷத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இரவு பகலாகத் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பகுதிக்கென்று பிரார்த்தித்துக்கொள்ளும் பெற்றோரை நாம் அதிகம் கண்டதில்லை. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அத்துறையைத் தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்ஸிலே 2009-ல்தான் அங்கீகரித்தது. அதற்கு முன் 'கேஷுவால்டி' என்றால், யாருக்கு முறை வருகிறதோ அவர் போய் உட்காருகிற இடம், அவ்வளவே.

படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக வரும்போதுதான் மாணவர் பலர் அவ்விடத்தை நன்றாகப் பார்க்கிறார்கள். அப்பொழுது நின்று கற்க நேரம் ஏது? ஆகவே, விரும்பிய துறையில் இரண்டு மாதம் பயிலலாம் என்று 2019-ஆம் வருஷத்துப் பாடத்திட்டம் வகுத்தது மிகவும் நல்ல காரியம். பிற்பாடு அக்காலத்தைச் சுருக்கிவிட்டது நமக்குச் சம்மதமில்லை.

ஆனால் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பதானால் இரண்டு மாதமும் வீண்தான். கையில் ஒரு கேள்வியோடு போக வேண்டும். பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்பு கடித்து மாண்டவர் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது, பெரும்பாலோர் கிராமவாசிகள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை விட்டு, 20 நிமிஷம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது ஒரு சோதனை. உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அறியலாம். நல்ல பாம்பின் விஷத்தை இது காட்டாது. அது நரம்பைத் தாக்குவது.

டாக்டரின் மேற்பார்வையில் மாணவரே இதைச் செய்யலாம். அத்துடன், உரிய அனுமதி பெற்று, கடிபட்டவர் முதலில் மந்திரிப்பவரிடம் போனாரா, டாக்டரிடம் வந்தாரா, விஷமுறிவு மருந்து ஏறும்வரை எத்தனை மணி நேரம் சென்றது என்று நாற்பது பேரிடம் விசாரித்து எழுதட்டும். தாமதம் நேர்ந்தது வழியில் அன்று, ஆஸ்பத்திரிக்குள்ளேதான் என்றும் தெரியவரலாம்! அதையும் அப்படியே எழுத இடம் கொடுக்கும் பேராசிரியர் வேண்டும்.

மாணவர்களின் இத்தகைய சிற்றாராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1979-லேயே தொடங்கியது. உங்கள் வீட்டு மாணவரும் விடுமுறையைக் கேஷுவால்டியில் கழிக்கப் போவதாகச் சொன்னால், முகம் சுளிக்காமல் இராச் சாப்பாட்டை மூடி வையுங்கள்.