கலப்பு வெண்ணெயும் சுங்க அட்டவணையும்

பசுவின் வெண்ணெயோடு ரேப்சீட் எண்ணெயையோ வேறொரு தாவர எண்ணெயையோ சேர்த்து, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாத்திரத்திலேயே ரொட்டியின்மீது இழையும்படியாகச் செய்யப்படுகிற கலப்பு வெண்ணெய், இன்று ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுத்த வெண்ணெயின் பக்கத்திலேயே கடை அலமாரிகளில் இடம் பெற்று, லட்சக்கணக்கான குடும்பங்களின் நித்திய உபயோகத்துக்குரிய பண்டமாகிவிட்டது. ஆனால் பாற்கொழுப்பு வேறொன்றோடு கலந்தோ, வழக்கத்துக்கு மாறான முறையில் பதப்படுத்தப்பட்டோ ஒரு தேசத்தின் எல்லையைத் தாண்டும்போது, அதை எந்த வகுப்பில் சேர்ப்பது, எவ்வளவு வரி விதிப்பது என்ற கேள்வியில், செல்வமும் சட்ட ஞானமும் மிகுந்த தேசங்களே அரை நூற்றாண்டுக்கு மேலாக இடறி வந்திருக்கின்றன. இந்த இடறல்கள் அனைத்துக்கும் மூலகாரணம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். பண்டத்தினுள் பாற்கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டிய சட்டம், அதைக் கேளாமல், அது எப்படிச் செய்யப்பட்டது, எந்த வரையறைக்கு உட்பட்டது, எந்த வரையறையை ஒரு சதவீதத்தால் தப்பியது என்றே விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு தேசத்துச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், கடற்படையினருக்கும் ஏழை ஜனங்களுக்கும் உதவத்தக்க மலிவான கொழுப்பு வேண்டுமென்று பரிசு அறிவித்ததன் பயனாக, இப்போலித் மெஜ்-மூரியே என்ற ரசாயன நிபுணர் 1869-ல் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரினைச் செய்து காட்டினார். அது வெண்ணெய் என்றே விற்கப்படுமோ என்று பால் உற்பத்தியாளர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அந்த அச்சத்துக்குத் தேடிய பரிகாரத்தில்தான் நியாயம் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1886-ல் பவுண்டுக்கு 2 சென்ட் வரி விதித்து, 1902-ல் மஞ்சள் நிறமூட்டிய மார்ஜரினுக்கு அதை 10 சென்டாக உயர்த்தி, 1950-ல்தான் அந்த வரியை நீக்கின. கனடாவின் கியூபெக் மாகாணமோ, மார்ஜரினுக்கு வெண்ணெயின் நிறம் ஊட்டக்கூடாது என்ற தடையை 2008 வரைக்கும் கைவிடவில்லை. உள்ளே இருப்பதைச் சொல்லச் செய்வதற்குப் பதிலாக வெளித்தோற்றத்தைத் தண்டிக்கிற இந்த மனோபாவமே பிற்காலத்தில் சுங்கச் சட்டங்களுக்குள்ளும் புகுந்தது.

கலப்பு வெண்ணெய் பிறந்த கதை இதற்கு நேர்மாறானது. வெண்ணெய்க்குப் பகை என்று கருதப்பட்ட எண்ணெயைப் பால் தொழிலே விரும்பி ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. பாற்கொழுப்பு என்பது ஒரே பொருளன்று. வெவ்வேறு உஷ்ண நிலையில் உருகுகிற பலவகைக் கொழுப்புகளின் சேர்க்கை. ஐந்து டிகிரிக் குளிரில் அதன் ஏறக்குறைய பாதி படிகமாக உறைந்துவிடுகிறபடியால், கத்தியால் வழித்தால் கட்டியாகப் பெயர்ந்து ரொட்டியைக் கிழிக்கிறது. அந்தக் குளிரிலும் திரவமாகவே இருக்கிற எண்ணெயை ஓரளவு சேர்த்துக் கடைந்தால், படிகங்களுக்கிடையே எண்ணெய் பரவி நின்று பண்டம் இளகிக் கொடுக்கிறது. வெண்ணெயின் மணமோ பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. ஸ்வீடனில் 1969-ல் கடைக்கு வந்த பிரெகோட் இவ்வகையில் முன்னோடி. பின்னர் டென்மார்க்கிலிருந்து லுர்பாக்கின் ஸ்ப்ரெடபிள் வகை பிரிட்டிஷ் கடைகளை நிறைத்தது. இவற்றில் மோசடி ஏதுமில்லை. மக்களின் சௌகரியத்தை உத்தேசித்து, உள்ளடக்கத்தை மறைக்காமல் செய்யப்பட்ட பண்டங்கள் இவை. நான் கலப்பை எதிர்ப்பவன் அல்லேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கடம் துறைமுகத்தில் ஆரம்பமாகிறது. உலக தேசங்கள் பெரும்பாலும் பொதுவாக அனுசரிக்கிற சுங்க அட்டவணையில் நான்காம் அத்தியாயம் பாற்பொருள்களுக்குரியது. அதில் வெண்ணெய் என்றால் 80 சதவீதத்துக்குக் குறையாத பாற்கொழுப்பு உடையது. 39 முதல் 80-க்கு உட்பட்ட பாற்கொழுப்புடைய, வேறு கொழுப்பு ஏதும் கலவாத தடவுபண்டத்துக்கும் அங்கே இடமுண்டு. பாலின் இயற்கையான அம்சத்தை நீக்கி வேறொன்றை வைத்த பண்டங்களை அந்த அத்தியாயம் வெளியே தள்ளிவிடுகிறது. பதினைந்தாம் அத்தியாயம் எண்ணெய்களுக்கும் மார்ஜரினுக்கும் உரியது. பாற்கொழுப்பு 15 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக அதுவும் ஏற்பதில்லை. ஆகவே பாதி வெண்ணெயும் பாதி எண்ணெயுமான பண்டம், எஞ்சிய பலவகை உணவுத் தயாரிப்புகளைச் சேர்த்து வைக்கிற இருபத்தோராம் அத்தியாயத்தில் போய் ஒதுங்குகிறது. பல தேசங்களில் வெண்ணெய்க்கு மதில்போல் உயர்ந்த வரியும், இந்தக் கடைசி அத்தியாயத்துக்கு இடுப்பளவு வரியும் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சில கலவைகள் உண்டாவதற்கு முழுமுதற் காரணமாயிற்று.

அமெரிக்கா 1957-ல், 45 சதவீதமோ அதற்கு மேலோ வெண்ணெய்க் கொழுப்பு அடங்கிய பண்டங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அதன் பிறகு 44 சதவீதம் வெண்ணெய்க் கொழுப்பும் மீதி பெரும்பாலும் சர்க்கரையுமாக ஒரு கலவை கப்பல்களில் வந்து இறங்கி, ஐஸ்கிரீம் தொழிற்சாலைகளுக்குள் போயிற்று. கனடாவில் நிகழ்ந்தது இன்னும் தெளிவான உதாரணம். அங்கே ஒதுக்கீட்டு அளவுக்கு மேற்பட்டு வருகிற வெண்ணெய்க்கு 298.5 சதவீத வரி. கலவைப் பண்டமானால் அதில் பாற்பொருள் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டுப்பாடு. ஆதலால் 1990-களின் பிற்பகுதியில் 49 பங்கு நெய்க்கொழுப்பும் 51 பங்கு சர்க்கரையுமான கலவை, மிகச் சொற்பமான வரியோடு உள்ளே வந்தது. அந்நாட்டுப் பால் உற்பத்தியாளர் சங்கத்தார் முறையிட்டனர். சர்வதேச வர்த்தகத்துக்கான கனடிய நடுவர் மன்றமோ, சட்டத்தின் வாசகப்படி வகைப்படுத்தியது சரியே என்று 1999-ல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. மன்றத்தின்மீது குற்றமில்லை, அதன் கையில் கொடுக்கப்பட்ட சட்டத்தில் 50 என்ற எண் இருந்தது, கலவையில் 49 இருந்தது. ஒதுக்கீட்டு முறையை நம்பிக் கடன் வாங்கி மாடு வளர்த்த ஒரு குடியானவன் இந்தத் தீர்ப்பைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? அவனுக்கு அரசாங்கம் வாக்களித்த பாதுகாப்பு, ஒரு பங்கு சர்க்கரையினால் இல்லாமற்போயிற்று.

வரையறை இந்தப் பக்கம் தளர்ந்து குடியானவனை வருத்தியது போலவே, மறுபக்கம் இறுகி நல்ல பண்டத்தையும் வருத்தியிருக்கிறது. நியூசிலாந்தின் வழக்கு அத்தகையது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் 1973-ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தபோது, தலைமுறைகளாக பிரிட்டிஷ் சந்தையையே நம்பியிருந்த நியூசிலாந்தின் வெண்ணெய்க்கு விசேஷச் சலுகை அளிக்கப்பட்டது. உலக வர்த்தக ஸ்தாபனம் தோன்றிய காலத்தில் அச்சலுகை ஆண்டுக்கு 76,667 டன் என்ற அளவில் குறைந்த வரியோடு ஸ்திரப்பட்டது. அதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, வெண்ணெய் பாலிலிருந்தோ பாலேட்டிலிருந்தோ நேரடியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது. இதற்கிடையே அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள், எண்ணெய் ஒரு துளியும் சேர்க்காமலே வெண்ணெயை இளகச் செய்யும் வித்தையைக் கண்டிருந்தார்கள். பாற்கொழுப்பை உருக்கி, மெல்ல மெல்லக் குளிர்வித்து, முதலில் உறைகிற கடினமான பகுதிகளையும் திரவமாக நிற்கிற இளக்கமான பகுதிகளையும் தனித்தனியே பிரித்து, வேண்டிய விகிதத்தில் மறுபடி சேர்ப்பதே அம்முறை. ஆங்கர் என்ற பெயரில் 1991-ல் அது பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்தது. பாலேட்டைச் செறிந்த கொழுப்பாக்கிப் பின் வெண்ணெயாக்குகிற அம்மிக்ஸ் என்ற வேறொரு முறையும் வழக்கத்துக்கு வந்தது.

இவ்விரு முறைகளிலும் செய்த வெண்ணெய், நேரடியாகப் பாலேட்டிலிருந்து வந்ததன்று என்று பிரிட்டிஷ் சுங்க இலாகாவும் ஐரோப்பிய சமூகமும் முடிவு கட்டி, சலுகை ஒதுக்கீட்டிலிருந்து அதை விலக்கின. உள்ளே இருந்த கொழுப்பு முழுவதும் பாற்கொழுப்பு. அந்நியமான கொழுப்பு இல்லை. தின்பவர்கள் ஏமாற்றப்படவும் இல்லை. ஆயினும், இடையில் ஒரு பாத்திரத்தில் உருகி நின்ற காரணத்துக்காக அது வெண்ணெய் ஒதுக்கீட்டுக்கு உரியதன்று ஆயிற்று. நியூசிலாந்து 1997 மார்ச்சில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் முறையிட்டது. மறு ஆண்டு நவம்பரில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1999-ல் விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் இரு தரப்பாரும் சமரசத்துக்கு வந்தனர். ஒரே தொடர்ச்சியான வேலையாகச் செய்யப்பட்டால், பாலேடு செறிந்த கொழுப்பாகும் கட்டத்தையோ கொழுப்பைப் பகுத்துப் பிரிக்கும் கட்டத்தையோ கடந்து வரலாம் என்று ஐரோப்பிய விதிகளில் அதன்பின் எழுதி வைத்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் நடந்த தகராறு இவ்வாறு ஒரு வாக்கியத்தினால் தீர்ந்தது. நாளை வேறொரு தேசத்தில் வேறொரு செய்முறை தோன்றினால், இன்னொரு வாக்கியத்துக்காக மறுபடியும் வழக்காட வேண்டியதுதானா?

சந்தையின் நிலையும் இந்தக் கேள்வியை அவசரமாக்கியிருக்கிறது. ரஷ்யா 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுத்தபோது சூரியகாந்தி எண்ணெய் முடங்கிற்று. அந்த ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்து, ஒரு மாதத்துக்குள் தடையை நீக்கிக்கொண்டது. அப்பொழுது கலப்பு வெண்ணெய் செய்வோருக்கு எண்ணெய்ப் பங்கே பெரும் பாரமாயிற்று. 2025 மே மாதத்திலோ, நியூசிலாந்தை மையமாகக் கொண்ட குளோபல் டெய்ரி டிரேட் ஏலத்தில் வெண்ணெய் டன்னுக்கு 8,000 டாலரை நெருங்கி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ஆண்டின் பிற்பகுதியில் கணிசமாகச் சரிந்தது. வெண்ணெய் அந்த உச்சத்தில் நிற்கும் வேளையில் பாமாயில் சுமார் ஆயிரம் டாலரை ஒட்டி விற்குமானால், நூற்றுக்குச் சில பங்கு பாற்கொழுப்பைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுவதில் எத்தனை ஆதாயம் இருக்கிறதென்பதை விளக்க வேண்டியதில்லை. டப்பாவின்மேல் பசுவும் புல்வெளியும் அப்படியே இருக்க, உள்ளே விகிதம் மாறிக்கொண்டே போகலாம். இத்தகைய காலத்தில், குறைந்த வருமானமுள்ள வீட்டுக்காரி ஒருத்தி, தான் கொடுக்கிற பணத்தில் எவ்வளவு வெண்ணெய்க்குப் போகிறது என்று அறிந்துகொள்ளும் உரிமையை எந்த அரசாங்கமும் அலட்சியம் செய்யக் கூடாது.

இதற்குப் பரிகாரம் என்று எனக்குத் தோன்றுவது, வரியையும் விளம்பரத்தையும் பாற்கொழுப்பின் அளவோடு நேரே இணைத்துவிடுவதுதான். நூறு கிலோ பண்டத்தில் 40 கிலோ பாற்கொழுப்பு இருந்தால், அந்த 40 கிலோவுக்கு வெண்ணெய்க்குரிய வரியும், எஞ்சிய எண்ணெய்க்கோ சர்க்கரைக்கோ அதற்குரிய வரியும் கணக்கிடப்படட்டும். அப்போது 49-க்கும் 50-க்கும் இடையே ஒரு தொழில் நடத்தவேண்டிய அவசியம் யாருக்கும் இராது. செய்முறை எதுவாயினும் கவலையில்லை. இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வோருக்கு இரண்டு விஷயங்களை நினைவூட்டுகிறேன். பாற்கொழுப்பில் உள்ள பியூட்டிரிக் அமிலம் தாவர எண்ணெய்களில் கிடையாது; அதன் அளவைக் கொண்டு ஒரு கலவையில் பாற்கொழுப்பின் பங்கை ரசாயன சாலையில் கணிக்கும் முறை நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டாவதாக, பாலும் தாவரமும் கலந்த தடவுபண்டங்களில் ஒவ்வொரு வகைக் கொழுப்பும் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்று அச்சிடும்படி ஐரோப்பிய விதிகள் 1990-களிலேயே கட்டளையிட்டிருக்கின்றன. டப்பாவின் மேல் எழுதக்கூடிய எண்ணைச் சுங்கப் பத்திரத்தில் எழுத முடியாதென்பது பொருந்தாத வாதம். உயர்ந்த வரியே கூடாதென்கிற சுதந்திர வர்த்தகவாதிகள், என் யோசனை அந்த மதிலை இடிக்கவில்லையே என்று குறை சொல்லக்கூடும். மெய்தான்; மதில் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதை அந்தந்த தேசத்துப் பிரஜைகள் தீர்மானித்துக்கொள்ளட்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

நம் தேசத்துக்கும் இதில் அக்கறை உண்டு. வனஸ்பதியை நெய்யில் கலக்கிற மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக, வனஸ்பதியில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று இந்தியச் சட்டம் நெடுங்காலமாக விதித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய நெய்யை உருக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்குமிடத்தில் அமிலம் சிவந்து காட்டும். உள்ளே இருப்பதையே சோதிக்கிற விவேகம் நமக்குப் புதிதன்று. ஆஸ்திரேலியாவோடு 2022-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாற்பொருள்களைச் சலுகையிலிருந்து இந்தியா விலக்கி வைத்தது, இரண்டு மாடு நான்கு மாடு வைத்துப் பிழைக்கிற கோடிக்கணக்கான குடும்பங்களை மனத்தில் கொண்டுதான். ஆனால் நான்காம் அத்தியாயத்தை மட்டும் காத்து இருபத்தோராம் அத்தியாயத்தைக் கவனியாமல் விடுகிற எந்த உடன்படிக்கையும் அந்தக் குடும்பங்களைக் காக்காது என்பதற்கு கனடாவின் அனுபவம் சாட்சியாக இருக்கிறது. இனி வர்த்தகப் பேச்சுக்கு உட்காரும் நம் அதிகாரிகள், விலக்குப் பட்டியலில் பண்டங்களின் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த அத்தியாயத்தில் வந்தாலும் பாற்கொழுப்பு இத்தனை சதவீதத்துக்கு மேற்பட்டால் அந்தப் பங்கு பாற்பொருளாகவே கணக்கிடப்படும் என்ற ஷரத்தையும் சேர்த்து எழுதக் கோரவேண்டும்.