காதருகே ஒரு வலி

"காது குடைகிறது, கடைவாய்ப் பல்லும் தெறிக்கிறது" என்று முறையிடுவோர் நம் குடும்பங்களில் பலர் உளர். காது மருத்துவர் சோதித்துக் காதில் குறையில்லை என்பார். பல் மருத்துவர் சொத்தையில்லை என்பார். வலி மட்டும் நிற்பதில்லை. பொறுக்கமாட்டாமல், "எப்படியாவது பிடுங்கிவிடுங்கள்" என்று வேண்டி நல்ல பல்லைப் பறிகொடுத்தவர்களை நாம் அறிவோம். பல் போயிற்று, வலி போகவில்லை.

இத்தகையோர் காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடட்டும். விரலடியில் உருண்டு அசைவதே தாடை மூட்டு. வலமும் இடமுமாக உள்ள இரண்டும் சேர்ந்தே இயங்கும். உள்ளே மெத்தைபோல் ஒரு வட்டு உண்டு. அது சற்று விலகினால் 'டக்'கென்று ஓசை எழும். வலியில்லாத ஓசைக்கு மருத்துவம் தேவையில்லை. பெரும்பாலும் வலிப்பவை கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளே. உறக்கத்தில் பல்லை நறநறப்போருக்கும், கவலையால் பகலெல்லாம் பல்லைக் கடித்திருப்போருக்கும் இவை ஓய்வின்றி உழைக்கின்றன.

அவசர மருத்துவம் இங்கே பெருங்கேடு விளைத்ததுண்டு. 1980களில் அமெரிக்காவில், பழுதான வட்டை அகற்றி டெஃப்லான் கலந்த செயற்கை வட்டைப் பலருக்குப் பொருத்தினர். அது தேய்ந்து துகளாகி எலும்பையே அரித்தது. 1990-91இல் அரசு தலையிட்டு அதைத் திரும்பப் பெறச் செய்தது. முகம் சிதைந்தவர்களுக்கு அது காலங்கடந்த நீதி. 2023இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த வழிகாட்டி, நாட்பட்ட வலிக்குக் கைச் சிகிச்சையையும் தாடைப் பயிற்சியையும் எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் உளச் சிகிச்சையையும் வலியுறுத்துகிறது. வட்டை அகற்றும் அறுவையை வேண்டாம் என்கிறது.

கைச் சிகிச்சை என்றதும் உலுக்கித் திருகுவதை எண்ண வேண்டாம். பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் கையுறை அணிந்து, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்துத் தாடையை மெல்லக் கீழே இழுத்துத் தளர்த்துவார். இறுகிய தசையை விரலால் அழுத்தி நெகிழச் செய்வார். வீட்டிலோ வெதுவெதுப்பான துணி ஒற்றடம் கால்மணி நேரம் போதும். உதடுகள் மூடியிருக்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருக்க, நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்க வேண்டும். இதுவே தாடைக்கு ஓய்வு. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்குக. கரும்பும் முறுக்கும் சில வாரங்கள் விலகியிருக்கட்டும். பண்டிகை மறுபடியும் வரும். பலருக்கு இவ்வளவிலேயே வலி தணிந்துவிடுகிறது.

ஆயினும் தாடையில் தோன்றும் வலியெல்லாம் மூட்டு வலியன்று. நடக்கையில் எழுந்து, நின்றால் தணியும் தாடை வலி இதயத்திலிருந்து வரலாம்; நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைக. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, நெற்றிப்பொட்டும் நொந்து, பார்வையும் மங்குமாயின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். பிந்தினால் கண் போய்விடக்கூடும். பாக்கு மெல்லுவோருக்கு வாய் சிறுகச் சிறுகத் திறவாமற்போவதும் வேறு நோய். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம். தம் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க இயலாதவர் பாக்கை இன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டட்டும்.